புடைத்து நிற்கும் கிளாடிங், ஈரம் ஏறும் சுவர்: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டு முகப்பைப் புதுப்பிக்க உங்கள் நிறுவனம் பொருத்திக் கொடுத்த பிவிசி கிளாடிங் (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள்) பற்றிய புகார் இது. போனில் சொன்னது எதுவும் உங்களிடம் பதிவாகவில்லை என்கிறார்கள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

மேற்குப் பக்கத்துப் பலகைகள் நடுவில் புடைத்து நிற்கின்றன. பார்க்க வந்த மேற்பார்வையாளர், "வெயிலுக்கு அப்படித்தான் சார் ஆகும், வாரன்டியில் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிவிசி வெயிலில் நீளும், சரி. 3 மீட்டர் பலகைக்கு 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தானே பலகையில் துளைகளை நீளவாக்கில் போட்டு அனுப்புகிறார்கள்? துளையின் நடுவில் ஸ்க்ரூவை வைத்து, தலைக்கும் பலகைக்கும் இடையே 1 மில்லிமீட்டர் விட்டிருந்தால் பலகை தாராளமாக நகரும். உங்கள் ஆட்கள் துளையின் ஓரத்தில் வைத்து, தலை பதியும்வரை முடுக்கியிருக்கிறார்கள். கழன்று வந்த பலகையின் படங்களை இணைத்துள்ளேன். வெயில் மேல் பழி போட வேண்டாம்.

அதைவிடப் பெரிய கவலை ஈரம். மூட்டுகள் வழியாகச் சாரல் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அது வடிவதற்கென்றே பலகையின் அடியில் சிறு துளைகள் உண்டு. ஃபினிஷிங் நன்றாக இருக்கட்டும் என்று அவற்றைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டார்கள். (பார்க்க அழகாகத்தான் இருந்தது.) ஜன்னலுக்கு மேல் தண்ணீரை வெளியே தள்ளும் தகடும் வைக்கவில்லை. இப்போது ஜன்னலைச் சுற்றி உட்சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. கேட்டால், பழைய சுவர், முன்பே ஈரம் இருந்திருக்கும் என்று பதில் வருகிறது. சுவர் காய்ந்திருக்கிறது என்று வேலைக்கு முன் உங்கள் ஆளே சோதித்து எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. அதன் நகலும் இத்துடன் உள்ளது.

மறுபடியும் சிலிக்கான் பூசிச் சமாளிப்பதை ஏற்க மாட்டேன். மேற்குப் பக்கம் முழுவதையும் கழற்றி, சுவரைக் காயவிட்டு, ஜன்னல் தகடு வைத்து, விபரம் தெரிந்த ஒருவர் கூடவே நின்று திரும்பப் பொருத்தித் தர வேண்டும். உட்சுவர்ப் பூச்சும் பெயின்ட்டும் உங்கள் செலவு. அது முடியாதென்றால் பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. வராவிட்டால் இதே படங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்