கலத்தின் படத்தை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பத்திரிகைகளின் மாணவர் பகுதியில் தாவரக் கலத்தின் (செல்லின்) படம் தவறாமல் வந்துவிடும். கலச்சுவர், கரு, புன்வெற்றிடம், பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ற்), இழைமணி (மைற்றோகொண்ட்ரியா), அகமுதலுருச் சிறுவலை, இறைபோசோம் எனக் கலத்தின் பகுதிகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு வரி: '1665இல் றொபேட் ஹூக் உயிருள்ள கலத்தைக் கண்டுபிடித்தார்.' அந்தப் படமும் வரியும் பிள்ளைகளைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகின்றன.

ஆங்கில விஞ்ஞானி ஹூக் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தது தக்கை. அது மரப்பட்டையின் இறந்த பகுதி. அவர் கண்டவை உள்ளே ஒன்றுமில்லாத சுவர்கள். அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் ஏறத்தாழ 60 அறைகளை எண்ணி, ஓர் அங்குலத்துக்கு 1080 என்றும் ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடிக்கு மேல் என்றும் கணக்குப் போட்டார். அப்படியானால் ஓர் அறையின் நீளம் சுமார் 24 மைக்ரோமீற்றர். பச்சைத் தாவரங்களில் சாறு நிறைந்த அறைகளையும் பார்த்து எழுதினார். ஆனால் அந்தச் சாற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர் அறியவில்லை.

உயிரோடு நீந்தும் ஒற்றைக்கல உயிரிகளை 1674இல் ஏரித் தண்ணீரில் கண்டவர் அன்ரனி வான் லீவன்ஹூக். அவர் ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரத்துத் துணி வியாபாரி. (ஒல்லாந்தர் நமது நெடுந்தீவுக்கு வைத்த பெயர் அந்த ஊருடையதுதான். யாழ்ப்பாணக் கோட்டையும் அப்போது அவர்கள் கையில் இருந்தது.) கருவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் 1831இல் ஓர்கிட் கலங்களை ஆராய்ந்த றொபேட் பிறவுண். தாவரங்கள் கலங்களால் ஆனவை என்று 1838இல் சிலெய்டனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் சுவானும் எழுதினார்கள். புதிய கலம் பளிங்கு படிவதுபோல உருவாகிறது என்று சிலெய்டன் நினைத்தது பிழை. கலம் பிரிந்துதான் கலம் வருகிறது என்பதை றெமாக் எடுத்துக்காட்ட, 1855இல் வேர்ச்சோ அதைப் பொதுவிதியாக முன்வைத்தார். ஹூக்கிலிருந்து வேர்ச்சோ வரைக்கும் 190 ஆண்டுகள். ஒற்றை வரி விடையில் அவ்வளவும் காணாமற்போகிறது.

படத்தின் பிரச்சினை இதைவிடப் பெரிது. ஒளி நுணுக்குக்காட்டியில் 0.2 மைக்ரோமீற்றரைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. இறைபோசோம் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். இழைமணிக்குத் தனிச்சாயம் வேண்டும். இவற்றின் விபரம் 1931இல் றுஸ்காவும் நொலும் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியை அமைத்த பிறகு, மெதுமெதுவாகத்தான் தெரியவந்தது. இது தெரியாத பிள்ளை வெங்காயத் தோலை 400 மடங்கில் பார்த்துவிட்டு, கொப்பியில் பச்சையவுருமணியும் இழைமணியும் வரைகிறது. வெங்காயக் குமிழின் தோலில் பச்சையவுருமணியே இல்லை.

செய்முறையில் வழக்கமாகக் குழம்பும் இடங்களையும் சொல்லவேண்டும். பம்பாய் வெங்காயத்தின் சதைப்பற்றான ஓர் இதழை எடுத்து, குழிந்த உட்பக்கத்துத் தோலை இடுக்கியால் உரித்தால் ஒற்றைக் கலப் படை கிடைக்கும். 5 மில்லிமீற்றர்ச் சதுரம் போதும். உலரவிடாமல் உடனே கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரில் இடவேண்டும். மடிந்தால் இரண்டு படைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் விளங்காது. நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். காய்ந்ததும் வெண்படிவு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கலத்தின் உள்ளுறுப்பு என்று வரைந்துவிடுகிறார்கள். வடித்த நீரோ மழைநீரோ நல்லது. அயடீனை வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு ஐதாக்கி ஒரு துளி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் கரு மஞ்சட்கபிலமாகத் தெரியும். மூடுகண்ணாடியை ஒரு விளிம்பு முதலில் தொடும்படி சரித்து இறக்காவிட்டால் காற்றுக்குமிழ் அகப்படும். கறுத்த தடித்த விளிம்போடு உருண்டையாக இருப்பது குமிழி. அதைக் கலமென்று வரைந்த கொப்பிகள் எத்தனையோ!

எல்லோரும் நேரே 400 மடங்குக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பார்வைப் புலத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வெங்காயக் கலமே கால் மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டது. ஆகவே இரண்டொரு கோடுகள்தான் அகப்படும். 100 மடங்கில் கலங்களின் ஒழுங்கைப் பார்த்து, கரு தெரியும் ஒரு கலத்தை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு மாற்றவேண்டும். மாற்றியபின் குவியப்படுத்தும் பெரிய திருகைத் தொடக்கூடாது, தொட்டால் வில்லை கண்ணாடியில் இடித்துவிடும்.

ஆனால் அயடீன் இட்ட கலம் இறந்த கலம். உயிருள்ளதைக் காட்டுவதற்குக் குளத்து நீர்த்தாவரமான ஐதரில்லாவின் இலைக்கு நிகர் வேறில்லை. இரண்டு கலத் தடிப்புத்தான், சீவவும் தேவையில்லை, சாயமும் தேவையில்லை. இளஞ்சூட்டு நீரில் வைத்துச் சில நிமிடம் வெளிச்சம் படவிட்டால், நடுநரம்புக்கு அருகே பச்சையவுருமணிகள் சுவரோரமாக வரிசையாக நகர்வதைக் காணலாம். சுவருக்கு உள்ளே கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வு எங்கே என்று கேட்கும் பிள்ளைக்குச் சிவப்பு வெங்காயத்தின் நிறமேறிய வெளிப்பக்கத் தோலை உரித்துக்கொடுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் உப்புக் கரைத்து, மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சினால் நிறமுள்ள பகுதி சுவரைவிட்டுச் சுருங்கி விலகும். அதன் விளிம்புதான் மென்சவ்வின் எல்லை. உப்பை நீரால் கழுவினால் கலம் திரும்ப விரியும். அதிக நேரம் விட்டுவைத்தால் விரியாது, கலம் செத்துவிடும்.

மாரியில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது இன்னொரு தலையிடி. பாவித்தபின் வில்லைத்தாளால் துடைத்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைத்தால் தப்பலாம்.

ஆகவே தங்கள் மாணவர் பகுதிக்கு எமது வேண்டுகோள்: ஒளி நுணுக்குக்காட்டியில் தெரிவதை ஒரு படமாகவும், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிவதை வேறொரு படமாகவும் போடுங்கள். இரண்டின் கீழும் மைக்ரோமீற்றரில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஹூக்கின் பெயருக்குப் பக்கத்தில் 'தக்கையின் இறந்த கலச்சுவர்கள்' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.