சமையல்காரரோடு நின்றுவிடக் கூடாது விசாரணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் எங்கள் தோட்ட மண்டபத்தில் விருந்து சாப்பிட்ட பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உடனே பழி சமையல்காரர் தலையில் விழுந்தது. மலேசியாவின் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி சுத்தமில்லாத உணவுக்கூடத்தை 14 நாள் வரை மூடலாம். சரி, மூடட்டும். கழுவித் துடைத்துத் திறந்த பிறகு?

சோறு வெந்தாலும் பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் சாவதில்லை. விடியற்காலை வடித்த சோறு அண்டாவில் மூடியபடி மதியம் வரை வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும், வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

அப்படியானால் ஏன் அவ்வளவு முன்னதாகச் சமைத்தார்கள்? அடுப்பு போதவில்லையா? காலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறதா? கூரைத் தொட்டிக்கு மூடி உண்டா? கை கழுவும் குழாய் வேலை செய்கிறதா? (எங்கள் மண்டபக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் திறந்துவிடக் கூடாதாம்!)

சோற்று மாதிரி எடுக்க வரும் சுகாதார அதிகாரிகள் இவற்றையும் பார்த்து, கண்டதை மண்டப நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு முன் தொட்டியையும் குழாயையும் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம்தான், சமையல்காரர் அல்ல.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்