ஜூனில் வா, பட்டை உரிக்கலாம்

பழைய மாசெட்,
ஹைடா குவாய், கனடா

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட சிடார் மரப்பட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று சுருள். போன வருடம் உரித்தது, நன்றாகக் காய்ந்திருக்கிறது. கூடை பின்னுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடு. ஊறியதும் நுனியை நகத்தால் கிளறினால் ஏடு ஏடாகப் பிரியும். பிரிக்கும்போது ஒரு பக்கம் தடித்துக்கொண்டே போனால் பயப்படாதே, தடித்த பக்கத்தைக் கூடுதலாக வளைத்து இழு, பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றாய். பின்னுவதை அப்படிக் கற்றுக்கொள்ளலாம், சரி. பட்டை உரிப்பதை எப்படிக் கற்பாய்? வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது மரத்தில் சாறு ஏறும். அப்போதுதான் பட்டை விடும். கிளையில்லாத பக்கமாகப் பார்த்து, மரத்திடம் சொல்லிவிட்டு, அடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் குறுக்கே வெட்டி நெம்ப வேண்டும். பிறகு பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். அது மேலே போகப் போகக் குறுகி, முப்பது அடி உயரத்தில் அறுந்து சரசரவென்று இறங்கும். நிமிர்ந்து "ஹாவா" என்று நன்றி சொல்வோமே, அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். மேல்தோலை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டு உள்பட்டையை மட்டும் மடித்துக் கட்டி வருவோம். ஒரு மரத்தில் ஒரு பட்டைக்கு மேல் எடுக்க மாட்டேன். நூறு வருடத்துக்கு முன்னால் உரித்த தழும்போடு இன்றும் உயிரோடு நிற்கிற மரங்களை உனக்குக் காட்ட வேண்டும்.

பாட்டி இதைச் சின்ன வயதில் கற்கவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அங்கே நம் ஹைடா மொழி பேசினால் அடி. 1885 முதல் 1951 வரை ஊரைக் கூட்டிப் பரிசு கொடுக்கும் நம் பாட்லாட்ச் விருந்துக்கும் சட்டத்தில் தடை இருந்தது. விருந்தே கூடாது என்றால் அதற்குப் பின்னுகிற கைக்கு என்ன வேலை? நாற்பது வயதில்தான் பாட்டி தன் சித்தியிடம் போய் உட்கார்ந்தாள். அதனால்தான் எனக்குச் சொல்லித்தரும்போது அவ்வளவு அவசரம். நான் பின்னியதைப் பேசாமல் வாங்கி, பிரித்து, திரும்பக் கொடுப்பாள்.

இங்கிருந்து அலாஸ்காவுக்குப் போன செலினா பெரட்ரோவிச், தன் மகள் டெலோரஸ் சர்ச்சில் பின்னிய கூடைகளை ஐந்து வருடம் எரிக்க வைத்தாராம். அந்த மகள் பெரிய கலைஞராக வந்தார். அந்தக் கண்டிப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் என்னால் முடியாது. போன கோடையில் கோணல் என்று நீ குப்பையில் போட்ட கூடையை எடுத்து வைத்திருக்கிறேன். அடிப்பாகம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. மேலே திருப்பும் இடத்தில்தான் இழையைத் தளர விட்டிருக்கிறாய். அதை நேரில்தான் காட்ட முடியும், உன் விரல்மேல் என் விரலை வைத்து.

ஜூன் முதல் வாரம் லீவு கேள். பிரின்ஸ் ரூபர்ட்டிலிருந்து வரும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்ததும் சொல், ஸ்கிடகேட் துறைக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். உன் ரப்பர் பூட்ஸ் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அம்மா