21ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவத் திருமண ஆராதனைகளில், வேதாகமத்தில் பவுலின் கடிதங்களுள் ஒன்றான எபேசியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, வாசிப்பு பல வேளைகளில் 22ஆம் வசனத்தில், மனைவிகள் தங்கள் கணவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற சொற்களில் தொடங்குவதையும், பிரசங்கம் அந்த ஒரு சொல்லையே சுற்றி வருவதையும் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். ஆனால் அதற்கு முந்தைய வசனம், 'தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்று சபையார் அனைவருக்கும், ஆகவே கணவனுக்கும் சேர்த்தே கட்டளையிடுகிறது. மிகப் பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்னும் வினைச்சொல்லே கிடையாது. அந்த வாக்கியம் 21ஆம் வசனத்தின் வினையைக் கொண்டே முடிகிறது. இவ்விரண்டையும் பிரித்து வாசிப்பது, ஒரு வாக்கியத்தை நடுவில் வெட்டுவதாகும்.

மனைவியருக்கு 3 வசனங்களில் சொல்லி முடிக்கும் அப்போஸ்தலன் பவுல், 25ஆம் வசனம் முதல் அதிகாரத்தின் இறுதி வரை பெரும்பாலும் கணவர்களிடமே பேசுகிறார். குடும்பத் தலைவனின் அதிகாரத்துக்கு ரோமச் சட்டமே துணைநின்ற காலத்தில், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல மனைவியிடம் அன்புகூர வேண்டும் என்று அவர் எழுதினார். அந்த அன்பின் அளவுகோல் சிலுவை. அப்படிப்பட்ட பகுதியை எடுத்து மனைவியை அடக்கவும், சில வீடுகளில் அடிக்கவும்கூட நியாயம் தேடுகிறவர்கள் வேதத்தை மதிக்கிறவர்கள் அல்லர். அடிபடுகிற பெண்ணிடம் 'பொறுத்துப்போ' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிற சபை மூப்பர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. மணமான புதிதில், வீட்டுச் செலவு பற்றிய ஒரு வாக்குவாதத்தில், அதே 22ஆம் வசனத்தைச் சொல்லி என் மனைவியின் வாயை அடைத்தவன் நான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு முழங்காற்படியிட்டபோது எங்கள் இருவருக்குமே ஜெபிக்க ஒரு சொல்லும் வரவில்லை. மனைவியும் தேவகிருபைக்குச் சம உரிமையுள்ளவளாதலால் அவளைக் கனப்படுத்துங்கள், அப்போதுதான் உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராது என்று பேதுருவின் முதலாம் நிருபம் 3ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம் சொல்வதைப் பின்னொரு நாள் வாசித்தபோது, அந்த இரவின் மௌனம் எனக்கு விளங்கியது. அதன் பிறகே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பழைய கணக்கை இன்றுவரை திறந்ததில்லை. அன்பு தீங்கைக் கணக்கில் வைக்காது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதன் பொருளை நான் அறிந்துகொண்டது அவரிடமிருந்துதான்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் அதே எபேசியர் நிருபம், பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று தகப்பன்மாரைத் தனியே எச்சரிக்கிறது. தாயைத் தகப்பன் நடத்தும் விதமே பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கும் பிரசங்கம்.

ஆகவே போதகர்களையும் குருவானவர்களையும் பணிவோடு வேண்டுகிறேன்: திருமண ஆராதனையில் 21ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். திருமண ஆயத்த வகுப்பில் 25ஆம் வசனத்தை மணமகன் தன் வாயால் வாசித்து, தான் எதை ஒப்புக்கொடுக்கப்போகிறான் என்பதை மணமகளின் முன்னிலையில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்