தமிழாசிரியர்களையும் அயல்நாட்டுப் பயிற்சிக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயல்நாட்டுப் பணித்திறன் பயிற்சி என்றாலே அது ஆங்கிலமோ ஜெர்மனோ பிரெஞ்சோ கற்பிப்பவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சென்னையின் இன்றைய வகுப்பறைகளைப் பார்த்தால், அப்பயிற்சி முதலில் தேவைப்படுபவர் தமிழாசிரியரே என்று எனக்குத் தோன்றுகிறது.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சௌகார்பேட்டை வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளும், கட்டடப் பணிக்காக ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இன்று தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் நம் ஆசிரியர் பயிற்சியோ, தமிழ் பேசத் தெரிந்த குழந்தைதான் பள்ளிக்கு வரும் என்ற நம்பிக்கையிலேயே இன்னும் நிற்கிறது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் சிக்கலை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. 2005இல் அங்கு நடந்த பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் அளிக்குமாறு பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலேயே வாய்மொழித் தேர்வும் கேட்டல் கருத்தறிதலும் உண்டு. இங்கோ பத்தாம் வகுப்புத் தமிழுக்கான 100 மதிப்பெண்களும் எழுத்துத் தேர்வுக்கே போய்விடுகின்றன. ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்டு நடுநிலையோடு மதிப்பிடும் திறன் சுற்றறிக்கையால் வருவதன்று. அதில் தேர்ந்த ஆசிரியரின் அருகே அமர்ந்து, பல பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுப் பழகினால்தான் வரும். (பேச்சுத்தமிழ் என்றதும் முகம் சுளிக்கும் புலவர் பெருமக்களையே முதல் குழுவில் அனுப்பலாம்.)

அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்ற ஏற்பாடான ஃபுல்பிரைட் திட்டத்தின் வழியே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தம் மொழியைக் கற்பிக்கச் செல்லும் வாய்ப்பும் இளம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது. இது நம் பள்ளிகளில் பரவலாக அறியப்படவில்லை.

செலவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. கல்வித் துறை சிறந்த ஆசிரியர்களை ஏற்கெனவே வெளிநாட்டுப் பயணம் அழைத்துச் செல்கிறது. அது பாராட்டத்தக்க ஊக்கப்பரிசு, ஆனால் சில நாள் சுற்றுப்பயணம் பயிற்சியாகிவிடாது. எண்ணிக்கையைக் குறைத்தேனும் ஒரு பருவம் முழுவதும் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பணியாற்றச் செய்து, திரும்பியதும் அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் மாதிரி வகுப்புகள் நடத்தும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பிறமொழிப் பிள்ளைகள் மிகுந்த சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் தமிழாசிரியர்களிலிருந்தே இதைத் தொடங்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பெரம்பூர், சென்னை.