முதலில் ஓடிவருபவர்களுக்கும் பட்டறையில் இடம் கொடுங்கள்: அவசர மருத்துவ மாநாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

பினாங்கில் நடைபெறவிருக்கும் உங்கள் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். முதன்மை அமர்வுகளுக்கு முன்னதாக அல்ட்ராசவுண்ட், மூச்சுப்பாதைப் பராமரிப்பு, நச்சு மருத்துவம், பேரிடர் மேலாண்மை எனப் பயிற்சிப் பட்டறைகளும், பிற பொழுதுகளுக்கு வரவேற்பு விருந்து, ஜார்ஜ்டவுன் உலா, காலை ஓட்டம், நிறைவு இரவு விருந்து எனச் சமூக நிகழ்ச்சிகளும் வரிசையாக இடம்பெற்றிருக்கின்றன. அமர்வுகளில் யார் எதைப் பேச வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் மருத்துவரல்ல. தைப்பூசக் காலத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்து முதலுதவிக் கூடாரத்திலும் மற்ற நாள்களில் தன்னார்வ ஆம்புலன்ஸிலும் பணியாற்றும் தொண்டூழியர்களில் ஒருவன். ஆனால் பட்டறையில் யாருக்கு இடம், விருந்தில் யாருக்கு நாற்காலி என்பதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: நோயாளியிடம் முதலில் போய்ச் சேர்பவர்களுக்கு இரண்டிலும் இடம் ஒதுக்குங்கள்.

இதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசல் எப்படி இருக்கும் என்பதும் இங்கு வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். 999 அவசர அழைப்பு போய், வண்டி புறப்பட்டு, நெரிசலைக் கடந்து வருவதற்குள் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் கோயில் தொண்டராகவோ, தொழிற்சாலைப் பாதுகாவலராகவோ, நாசி கண்டார் கடைப் பணியாளராகவோதான் இருப்பார். அவருக்கு அடுத்து வருபவர், நம் பெரியவர்கள் இன்றும் எச்.ஏ. என்றே அழைக்கும் உதவி மருத்துவ அதிகாரி. நிபுணர் நோயாளியைப் பார்ப்பது மருத்துவமனை அவசரப் பிரிவில், உயிராபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்பு மண்டலத்தில்தான். பட்டறைகளிலோ இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நிபுணர்களும் நிபுணராகப் படித்துக்கொண்டிருப்பவர்களும் முதலில் பதிவு செய்கிறார்கள், தாதியரும் உதவி மருத்துவ அதிகாரிகளும் மிஞ்சிய இடங்களைப் பெறுகிறார்கள், தொண்டூழியருக்கோ பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

எல்லாப் பட்டறைகளையும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஆட்டின் மூச்சுக்குழாயில் கத்தி வைத்துப் பழகும் இடத்தில் எனக்கு வேலையில்லை. அல்ட்ராசவுண்டு கருவியை வயிற்றில் வைத்து உள் இரத்தக்கசிவைத் தேடுவதும் உங்கள் கலை. பேரிடர் பட்டறையும் நச்சு மருத்துவப் பட்டறையும் அப்படியல்ல.

பேரிடர் பட்டறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெருந்திரள் கூட்டங்களில் மருத்துவம் செய்வதைப் பற்றி ஹோட்டல் மண்டபத்தில், குளிர்சாதனக் காற்றில், திரையில் அம்புக்குறிகளைக் காட்டிப் பாடம் நடத்துவதற்குப் பினாங்கு வரை வர வேண்டியதில்லை. இங்கே தண்ணீர்மலை இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட படிகள், அடிவாரம் வரை தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் போட்டியிடும் ஒலிபெருக்கிகள், வெள்ளி ரதம் வரும் வழியில் உடைபட்டுக் கிடக்கும் தேங்காய்ச் சில்லுகள், அவற்றின் மீது வெறுங்காலுடன் நடக்கும் கூட்டம். அந்தச் சத்தத்தில் வாக்கி டாக்கியில் வரும் செய்தி காதில் விழாது. பாதிப் படியில் ஒருவர் சரிந்துவிட்டால் அவரைச் சமதளத்துக்கு இறக்குவதா, அங்கேயே மார்பழுத்தம் தொடங்குவதா என்ற கேள்விக்கு நொடிகளில் விடை காண வேண்டும். சாய்வான படியில் கிடப்பவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவார்.

விரதமிருக்கும் நீரிழிவு நோயாளிகளின் நிலை இன்னும் நுட்பமானது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். கிளிக்லசைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, உணவைத் தவிர்த்து, வெயிலில் நடந்து வந்த ஒருவர் மயங்கினால், இனிப்புப் பானம் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை தம்பி, நான் ஏறுகிறேன்" என்பார். அந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும் என்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், ஆகவே அவரை விட்டுவிடக் கூடாது என்பதைக் கூடாரத்தில் நிற்கும் இளைஞர்கள் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இதை அவர்களுக்குச் சொல்லித்தர உங்களுக்கு அரை மணி நேரம் போதும். காவடி எடுப்பவரையும் நேர்த்திக்கடன் செலுத்துபவரையும் எந்தச் சொற்களால் நிறுத்தலாம், எப்போது குடும்பத்தாரைக் கொண்டு பேச வைக்கலாம் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர எங்களுக்கும் அதே அளவு நேரம் போதும். கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு, திருவிழா இல்லாத ஒரு வார நாளில், அந்தப் படிகளிலேயே பட்டறையின் பாதியை நடத்தலாம்.

1988 ஜூலை 31 அன்று, தீவுக்கு எதிரேயுள்ள பட்டர்வொர்த் படகுத்துறையில் மேல்தளம் சரிந்து விழுந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. திருவிழாக் கூட்டம் படகுக்காகத் திரண்டு நின்ற மாலை அது. 32 பேர் உயிரிழந்தார்கள், 1,634 பேர் காயமடைந்தார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டின் முதல் அவசர மருத்துவ முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது 1998-இல், அதாவது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. உங்கள் துறையே இல்லாத அந்த நாளில் முதலில் கைகொடுத்தவர்கள் பக்கத்தில் நின்ற பொதுமக்களே. இவ்வூரில் நடக்கும் பேரிடர் பட்டறை அந்த நிகழ்வைத் தொடாமல் வெளிநாட்டு நிலநடுக்கங்களை மட்டும் பேசினால் அது எனக்கு வியப்பாகவே இருக்கும்.

நச்சு மருத்துவப் பட்டறைக்கு வருகிறேன். தேசிய நச்சு மையம் இதே தீவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் இருக்கிறது. தோட்டப்புறத் தமிழர்களுக்குப் பாராகுவாட் களைக்கொல்லி பழக்கமான பெயர். 2020 முதல் நாட்டில் அதற்கு முழுத் தடை இருந்தாலும் பழைய புட்டிகள் வீட்டுப் பின்புறங்களில் எஞ்சியிருக்கலாம் என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. அதைக் குடித்தவருக்கு மூச்சுக்காற்றில் பிராணவாயுவைத் தேவையின்றிக் கூட்டினால் நுரையீரலின் சேதம் அதிகமாகும். ஆம்புலன்ஸில் ஏறியதும் முகமூடியை மாட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தராவிட்டால் எப்படித் தெரியும்? வட மாநிலங்களில் அதிகம் கடிக்கும் கப்பாக் போடோ என்ற விரியன் பாம்பின் கடிக்குக் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் இறந்தார்கள். பார்வை மங்குகிறது என்று சொல்லும் குடிகாரரைப் போதை தெளியட்டும் என்று படுக்க வைத்துவிடக் கூடாது என்பதை மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பார்வையாளர் முன், நோயாளியாக நடிப்பவருக்குச் சிகிச்சை அளித்துக் காட்டும் சிமுலேஷன் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வோர் அணியிலும் ஒரு மருத்துவர், ஒரு தாதி, ஓர் உதவி மருத்துவ அதிகாரி, ஓர் ஆம்புலன்ஸ் தொண்டூழியர் என்று கலந்து வையுங்கள். நெஞ்சுவலியே இல்லாமல் வியர்வை, களைப்பு, மூச்சிரைப்போடு மாரடைப்பு வரும் நீரிழிவுள்ள மூதாட்டியாக நடிக்க எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறார். அவர் தமிழில் மட்டுமே பேசுவார். அணிகள் அதைச் சமாளிக்கட்டும்.

இனி சமூக நிகழ்ச்சிகள். இரவு விருந்தில் டத்தோ பட்டம் பெற்றவர்களின் மேசை எங்கே, ஆதரவு நிறுவனங்களின் மேசை எங்கே என்பதில் காட்டும் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆதரவு இல்லாமல் மாநாடு நடக்காது. மேடையில் சிங்க நடனத்துக்கும் ஜப்பின் நடனத்துக்கும் இடையே ஐந்து நிமிடப் பரதநாட்டியம் ஒன்று வழக்கம்போல் வந்து போகும், அதையும் கைதட்டிப் பார்ப்போம். நான் கேட்பது வேறு. பட்டறைக்காக வரவழைக்கும் பயிற்சிப் பொம்மைகளும் ஏ.இ.டி. எனும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியின் பயிற்சி மாதிரிகளும் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மூலையில் சும்மாக் கிடக்கும். அவற்றை ஒரு வேனில் ஏற்றிப் பாடாங் கோத்தா திடலுக்குக் கொண்டு வாருங்கள். காற்று வாங்க வரும் குடும்பங்கள் நின்று பார்ப்பார்கள், பிள்ளைகள் முதலில் வந்து அழுத்துவார்கள், வெட்கப்படும் பெற்றோர் பின்னால் வருவார்கள். ஜார்ஜ்டவுன் உலாவுக்கு ஒதுக்கியிருக்கும் மாலையையே இதற்குக் கொடுக்கலாம். சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன. காலை ஓட்டம் தாவரவியல் பூங்காவில் என்றால் வழியிலேயே தண்ணீர்மலை வருகிறது, அங்கே எங்கள் கூடாரத் தோழர்கள் தண்ணீர் கொடுத்து வரவேற்பார்கள்.

இவற்றில் எது நடந்தாலும் சில நடைமுறைகளைக் கவனிக்க வேண்டும். ஊதியமில்லாத் தொண்டூழியரிடம் நிபுணருக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது. ஒரு பட்டறைக்குச் சில இடங்களையாவது ஆதரவு நிறுவனங்களின் செலவில் ஒதுக்கலாம். பாடக் குறிப்புகள் மலாயிலும் இருந்தால் பெரும்பாலோர் பின்தொடர்வார்கள். மருத்துவமனைப் பணிநேர அட்டவணை முன்கூட்டியே முடிவாகிவிடும் என்பதால், உதவி மருத்துவ அதிகாரிகளும் தாதியரும் விடுப்புக் கேட்பதற்கு வசதியாகப் பட்டறை நாளைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே உறுதி செய்து அறிவியுங்கள். தண்ணீர்மலையில் பட்டறை வைக்க இசைந்தால், கோயில் நிர்வாகத்திடம் பேசவும் படிகளின் அளவுகளையும் கூடாரங்களின் வரைபடத்தையும் கொடுக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அன்றைய மதிய உணவு சைவமாகவே இருக்கும் என்பதை மட்டும் பங்கேற்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவித் தொண்டூழியர் ஒருவர்,
பினாங்கு