கொள்ளிடம் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரும் மனு

அனுப்புநர்:
பைபர் படகு உரிமையாளர்,
பழையாறு, சீர்காழி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பொருள்: மீன்பிடித் தடைக்காலத்திலேயே கொள்ளிடம் முகத்துவாரத்தைத் தூர்வாரித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பழையாறு மீன்பிடித் துறைமுகத்தில் படகு வைத்துத் தொழில் செய்பவன். நாங்கள் கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டு வருகிறது.

மேட்டூர் நிரம்பினால் உபரிநீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரிந்து, அணைக்கரை தாண்டி எங்களிடம் வந்து சேரும். வெள்ளம் வருகிற ஆண்டு ஆறே மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். வராத ஆண்டில் தண்ணீருக்கு வேகம் இருக்காது. தெற்கிலிருந்து அலை கொண்டுவரும் மணல் வாயிலேயே திட்டாகிவிடும். அந்தத் திட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்று போன வழியில் இன்று போக முடியாது. படகின் முன்முனையான அணியத்தில் ஒருவர் நின்று கழி ஊன்றி ஆழம் சொல்லச் சொல்லத்தான் படகை ஓட்டுகிறோம்.

சென்ற ஐப்பசியில் விடியற்காலை கரை திரும்பும்போது என் படகு தரை தட்டியது. படகைத் தள்ளும் இயந்திரக் காற்றாடி மணலில் புதைந்தது. பின்னால் வந்த அலை படகைக் குறுக்கே திருப்பிவிட்டது. நான்கு பேரும் இடுப்பளவு நீரில் இறங்கித் தோள்கொடுத்துத் தள்ளினோம். உயிர் தப்பியது, வலை போயிற்று. அன்று முதல் நீர் ஏறும்வரை வெளியிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் ஐஸ் கரைந்து மீனின் கண் வெளுத்துவிடும். அந்த மீனை ஏலத்தில் யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தூர்வார இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. தடை முடிந்து படகுகள் புறப்படும் நாளுக்குள் பணி முடிய வேண்டுகிறோம். அள்ளும் மணலைத் தயவுசெய்து முகத்துவாரத்தின் ஓரத்தில் கொட்ட வேண்டாம். காற்றும் அலையும் அதைத் திரும்ப உள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிடும். பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு அரசு செய்ததைப் போல, இங்கும் இருபுறமும் நேர்கல் சுவர் (மணல் அடைக்காதபடி கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) அமைக்க ஆய்வுக்கு உத்தரவிடுமாறும், அதுவரை வழிகாட்டும் மிதவை விளக்குகள் போட்டுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

தாங்கள் ஒருநாள் நீர் வற்றும் நேரமாகப் பார்த்து நேரில் வர வேண்டும். என் படகிலேயே அழைத்துச் சென்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படகு உரிமையாளர் மற்றும் உடன் தொழில் செய்யும் மீனவர்கள்,
பழையாறு.